ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்

ருஸ்தாவியிலிருந்து ரயிலில் வந்திறங்கினார்கள்:
அக்கா எதேரி, அத்தான் ஜெமால், அத்தானின் தம்பி,
தம்பியோடு வந்த, பெயரைக் கேட்டவுடன் மறந்த ஒரு பெண்,
கடைசியாக
தர்பூசணியைக் கட்டிப்பிடித்தபடி லாஷா.

ஒன்றரை அறை வீடு எனக்கு.
பத்துமியில் ஒன்பதாவது மாடி, ஆகஸ்ட் மழை.
கட்டிலை அக்காவுக்கு விட்டேன்,
சோபாவை அத்தானுக்கு. அவர் கால் சமையலறை வரை நீண்டது.
எனக்கு பால்கனி, சொட்டும் துணிகளுக்குக் கீழே.
நாலு நாளைக்கென்று வாங்கிய பாலாடைக்கட்டி
முதல் ராத்திரியே காலி.
"உனக்குத்தான் தொந்தரவு" என்றாள் அக்கா,
மூன்றாவது ரொட்டியைப் பிய்த்தபடி.
"அதெல்லாம் இல்லை" என்றேன்.
இருந்தது. கொஞ்சம் இருந்தது.

பையன் என்னிடம் பேசவில்லை.
அம்மாவின் பாவாடைக்குப் பின்னாலிருந்து
ஒற்றைக் கண்ணால் எடை போட்டான்.
கடற்கரையில் கூழாங்கல் பொறுக்கி
எல்லோருக்கும் ஒன்று கொடுத்தான், என்னைத் தவிர.

எங்கள் கட்டடத்து லிஃப்ட் காசு கேட்கும்.
இருபது தெத்ரி போட்டால்தான் மேலே ஏறும்.
அந்தத் துளை மட்டும் அவனுக்குப் பிடித்துவிட்டது.
சில்லறை தீரும்வரை என் பைக்குள் கைவிட்டான்,
அப்போதும் பேசாமல்.

வியாழன் மாலை வெங்காயம் வாங்கி வருகையில்
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நின்றுவிட்டது.
விளக்கும் போனது.

யாரிடமும் சொன்னதில்லை,
மூடிய இடமென்றால் எனக்கு மூச்சு முட்டும்.
தினமும் கண்ணை மூடிக்கொண்டுதான் வீட்டுக்கே போகிறேன்.
கதவைத் தட்டினேன், கத்தினேன்,
பை கிழிந்து வெங்காயம் உருண்டது.

இருட்டில் ஒரு சின்னக் கை
என் சட்டைப் பொத்தானைப் பிடித்தது.
"மாமா, என் பல்லு ஆடுது. தொட்டுப் பாக்குறியா?"

தொட்டேன்.
கீழ்வரிசை, ஈரமாய், அரிசி அளவு.
"அழுத்தாத. உன் ரொட்டியாலதான் ஆடுது."

பிறகு தரையைத் தடவித் தடவி வெங்காயம் எண்ணினோம்.
அவன் கணக்கில் பதினொன்று, என் கணக்கில் பத்து.
மறுபடி எண்ணினோம். ஒன்பது.
மேலே யாரோ கதவை நெம்பும் சத்தம் கேட்டதும்
"இருங்க, இன்னும் முடியல" என்று கத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேற்றிவிட்டு வந்தேன்.
லிஃப்டில் நின்று காசுக்குத் துழாவினால்
பைக்குள் ஒரு கூழாங்கல்.
துளையில் நுழையவில்லை. ஓரமெல்லாம் கீறல்,
அவனும் முயன்று பார்த்திருக்கிறான்.

நடந்தே ஏறினேன்.
ஏழாவதில் மூச்சு வாங்க நின்றபோது போன் அடித்தது.
"பல்லு விழுந்துடுச்சாம், உன்கிட்டதான் சொல்லணுமாம்."
"எங்கடா அது, காட்டு" என்றேன்.
ரயில் ஓடும் சத்தம்.
வெகுநேரம் கழித்து,
"முழுங்கிட்டேன்."