வழுவமைதி

நாற்பது கால்.
ஒவ்வொரு காலடியிலும் ஈயத்தை உருக்கி உறிஞ்சி
பழைய சில்லைப் பலகையிலிருந்து பெயர்த்தெடுக்க
ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுதும் போய்விட்டது.
டிராம் பணிமனையில் தினமும்
அறுநூறு வோல்ட்டோடு மல்லுக்கட்டுகிற கை
ஐந்து வோல்ட்டின் முன்னால் நடுங்கியது.

எட்டு பிட் அட்டாரி.
ஹூபர்ட்டின் அப்பா சுரங்கத்தில் ஞாயிறும் இறங்கி
சேர்த்த காசை டாலராக்கி
டாலர் கடையில் வாங்கித் தந்தது.
ஹூபர்ட் இப்போது டார்ட்முண்டில்.
விவாகரத்தில் அவனுக்குக் கார், எனக்குச் சமையலறை மேசை.
மேசைக்கடியில் இது கிடந்ததை
இருவருமே கணக்கில் சேர்க்கவில்லை.

புதுச் சில்லு பதினாறு பிட்.
ஒரு பச்சைப் பலகையின் முதுகில் ஏறி வந்தது.
பழையதன் பாஷையும் இதற்குத் தெரியும் என்று
உறையில் எழுதியிருந்தார்கள்.
பொருத்தினேன்.
நீலத்திரை. தயார் என்றது.
பகா எண்களைத் தேடச் சொன்னேன்.
கெட்டில் கொதிப்பதற்குள் முடித்துவிட்டு
வேறென்ன என்பதுபோல்
வெள்ளைக் கட்டம் அசையாமல் நின்றது.

அப்புறம்தான் ஹூபர்ட்டின் கேசட்டைப் போட்டேன்.
எண்பத்தொன்பதில், பதினாறு வயதில் அவன் எழுதியது.
பித்தோம் நகரத்துக்கு அடியில்
நிலக்கரி வண்டிகள் ஓடும்,
தோண்டத் தோண்ட மேலே வீடுகள் சாயும்.
(எங்கள் கூடத்துச் சுவரில் நிஜ விரிசலே உண்டு.
ஒரு பென்சில் நுழையும்.)
ஆறு நிமிடம் கீச்சிட்டது கேசட்.
முதல் வண்டி கிளம்பியது.
வளைவில் திரை உறைந்தது.
பழைய வேகத்துக்கே இறக்கிப் பார்த்தேன்.
அதே வளைவு.

இரவு பைட் பைட்டாகப் படித்தேன்.
இருநூற்று ஐம்பத்தாறு எண்களில்
நூற்றைம்பத்தொன்றுக்குத்தான் கையேட்டில் பொருள்.
மிச்சத்தைப் பற்றிச் செய்தவர்களே வாய் திறக்கவில்லை.
ஆனாலும் கொடுத்தால் பழைய சில்லு ஏதோ செய்யும்;
ஒரு மதிப்பை ஒரே மூச்சில்
இரண்டு கையாலும் அள்ளும்.
இலக்கணத்தில் இல்லை, வழக்கில் உண்டு.
வழுவமைதி என்பார்களே, அது.
புதியதற்கோ எல்லா எண்ணுக்கும் பொருள் இருக்கிறது.
அதனிடம் பிழையாகப் பேசக்கூட முடியாது.
வேறெதையோ சொன்னதாக எடுத்துக்கொண்டு
மரியாதையாக, நேராக,
போய்ப் பாழில் விழுகிறது.

தொலைபேசினேன். நான்கு வருடத்தில் முதல் தடவை.
“நூற்று அறுபத்தேழை எந்தப் புத்தகத்தில் படித்தாய்?”
“புத்தகம் ஏது?
ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்த்தேன்.
சிலதில் செத்தது.
சிலதில் சாகவில்லை.”

முறையான கட்டளையாக மாற்றிவிடலாம்:
எடு, பிறகு நகலெடு.
ஆனால் இரண்டு பைட் மூன்றாகும்.
அந்தப் பக்கத்திலோ
இருநூற்று ஐம்பத்தாறு இடமும் நிரம்பிவிட்டது,
வேலை நாள் காலை டிராம் மாதிரி.
எதை இறக்கிவிடுவது என்று தேடிக்கொண்டே போனால்
கடைசியில், தலைப்புக்குக் கீழே,
‘பெ.வுக்கு’ என்று இருந்தது.

நான் உர்சுலா.
எண்பத்தொன்பதில் எனக்கு அவனைத் தெரியாது. நியாயம்தான்.
இருந்தாலும்.

எழுத்தைத் தொடவில்லை.
பின்னாலிருந்த புள்ளியை எடுத்தேன்.
ஏழு முகவரிகளை ஓரடி நகர்த்தினேன்.

மூன்றே காலுக்கு வண்டி வளைவைத் தாண்டியது.
கைபேசியில் படம் பிடித்து அனுப்பினேன்.
அவனும் தூங்கியிருக்கவில்லை போல.
“வீடுகள் சாய்கின்றனவா?”
சாய்கின்றன என்றேன்.
புள்ளி போனதை அவன் கவனிக்கவில்லை,
அல்லது கவனித்துவிட்டான்.
பெ யாரென்று நானும் கேட்கவில்லை.

பழைய சில்லு கறுப்புப் பஞ்சில்
நாற்பது காலையும் ஊன்றி நிற்கிறது.
ஒரு கால் கொஞ்சம் வளைந்திருக்கிறது, என் அவசரம்.
நாலரைக்கு முதல் டிராம் வெளியே போக வேண்டும்.
அதற்குள்
ஈயம் நாறும் இந்தக் கையைக் கழுவ வேண்டும்.