பதினோராம் நிமிடம்

பணகுடி தாண்டி, செம்மண் ஏற்றத்தில்,
சரியாகப் பதினோராம் நிமிடம் நின்றுவிடும்.
பத்தில் நிற்காது. பன்னிரண்டைப் பார்த்ததில்லை.
சமதரையில் வள்ளியூர் வரை போய்
டீ குடிக்கவைத்துத் திருப்பிக் கொண்டுவரும் யோக்கியன்,
முன்சக்கரத்தையும் பூட்டி, லோவில் இறக்கி,
இரண்டு பேரல் கியர் ஆயிலோடு
காற்றாலை மேட்டைக் காட்டினால் போதும்,
இருமி, நடுங்கி,
செத்துப்போகும்.

உடம்பு, பட்டாளத்து ஏலத்தில் வந்த ஜீப் பிக்கப்.
இன்ஜின் ஒரு மேட்டடாருடையது;
கோவில்பட்டியில் தீப்பெட்டி சுமந்ததாம்.
கியர்பாக்ஸ் எதனுடையது என்று
விற்றவனுக்கே தெரியாது.
ஆர்.சி. புத்தகத்தில் மட்டும்
எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

ஃபில்டர் மாற்றினேன்.
மாற்றிய ஃபில்டரையும் மாற்றினேன்.
கைப்பம்புக்குப் புது ரப்பர்.
டேங்கை இறக்கிக் கவிழ்த்தேன்:
ஒரு இருபத்தைந்து பைசா,
என்றோ ஓட்டையடைத்த பார் சோப்பின் கடைசித் துண்டு,
ஒரு கைப்பிடி துரு.
கண்டுபிடித்துவிட்டேன் என்று வீட்டுக்குப் போன் செய்தேன்.
மறுநாள்,
பதினோராம் நிமிடம்.

ஆடி மாசம்.
கையில் இருந்த வாஷரைக் காற்று பிடுங்கிக்கொண்டு
நாங்குநேரிப் பக்கம் போனது.
நாற்பத்தேழாம் நம்பர் ஆலை ஆயிலுக்காக நிற்கிறது.
எஞ்சினியர் போனில் நஷ்டத்தை
மணிக்கணக்காகச் சொல்கிறார், பிறகு நிமிடக் கணக்காக.
சுற்றிலும் மற்றதெல்லாம் சுழல்கின்றன.
டீசல் கேட்காமல், ஏர் லாக் இல்லாமல்,
எங்கள் தலைக்கு மேலே
வூம், வூம் என்று.

ஆலையில் ஏறுகிற ஜெபஸ்டின்தான்
கொத்தனார் மட்டம் பார்க்கிற கண்ணாடிக் குழாயை
ஒரு முழம் அறுத்துவந்தான்.
ரப்பர் ஹோசைக் கழற்றி அதை மாட்டி
பானட்டைத் திறந்துபோட்டு ரேஸ் கொடுத்தோம்.
முதலில் சுத்தமான தேன்நிறம்.
பிறகு ஒரு குமிழ்.
அது போய்விட்டது என்று நினைத்தோம்.
அதே குமிழ் திரும்பி வந்தது,
தம்பியைக் கூட்டிக்கொண்டு.
“சோடா மாதிரி வருதுவே.”

எங்கிருந்து திரும்பி வருகிறது?
வண்டிக்கடியில் படுத்து
விரலாலேயே குழாயைத் தடவிப் போனேன்.
இன்ஜின் குடித்தது போக மிச்சத்தை
டேங்குக்கே திருப்பித் தருகிற குழாய்
டேங்குக்குப் போகவே இல்லை.
பாதி வழியில் ஒரு டீ-பீஸ்;
போகிற குழாயிலேயே செருகிவிட்டிருந்தான்
யாரோ ஒரு கெட்டிக்காரன்.
சூடான மிச்சமும் காற்றும்
போக இடமில்லாமல் உள்ளேயே சுற்றி,
சுற்றிப் பெருகி, கழுத்தை நெரித்திருக்கிறது.

அவனையும் குற்றம் சொல்ல முடியாது.
இந்த டேங்க் பெட்ரோலுக்குப் பிறந்தது.
அந்தப் பழைய இன்ஜின்
வாங்கியதைத் திருப்பித் தந்ததே இல்லை.
அதனால் டேங்குக்கு ஒரே வாய்;
கொடுக்க மட்டும்தான் வழி உண்டு.

இதைச் சத்தமாகச் சொன்னபோது
ஜெபஸ்டின் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான்,
ஏற்கனவே துடைத்த ஸ்பேனரை.
பங்குனியில் வாங்கிய ஏழாயிரத்தை
அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

ஏர்வாடியில் கேஸ் வெல்டிங் மூசா
டேங்கைக் கழுத்து மட்டும் தண்ணீரால் நிரப்பச் சொல்லி
இரண்டாவது துளை போட்டார்.
பித்தளை நிப்பிள், விரற்கடை நீளம்.
நூற்றைம்பது ரூபாய்.

சாயங்காலம் அதே ஏற்றம். அதே இரண்டு பேரல்.
பத்தாம் நிமிடத்தில் பேச்சை நிறுத்தினோம்.
பதினொன்று.
கண்ணாடிக் குழாயைக் கழற்றவில்லை, அப்படியே இருக்கிறது.
பன்னிரண்டில் ஒரு முயல் குறுக்கே ஓடியது;
பதினான்கில் நாற்பத்தேழின் நிழல்
பானட் மேல் விழுந்தது.
அப்போதுதான்,
இடது முன்சக்கரத்துப் பக்கம்,
கடக்.
கொஞ்சம் விட்டு,
கடக்.

“கேட்டியா?” என்றேன்.
“நான் ஒண்ணும் கேக்கலையே” என்றான்,
கொஞ்சம் அவசரமாக.