நான்காம் கேள்வி

"நடந்ததை உங்கள் சொந்தச் சொற்களில் விவரிக்கவும்"
என்கிறது படிவம்.
பதினொரு கோடுகள் விட்டிருக்கிறார்கள்.
இடது தோள் கட்டில் இருக்கிறது. எழுதும் கை தப்பித்தது.

செப்டம்பர், சனிக்கிழமை, காலை ஏழு ஐம்பது.
தெற்கு மொராவியா. புல் ஓடுதளம், பனி காயவில்லை.
காற்று நான்கு நாட்.
காற்றுப்பை கம்பத்தில் துவண்டு தொங்கியது.
மஞ்சள் விமானம், இரண்டே இருக்கை.
பக்கத்து இருக்கையில் ஒரு கூடை பிளம் பழம்,
ஓலொமோட்ஸில் இருக்கும் அக்காவுக்கு.
கூடைக்கும் பெல்ட் போட்டிருந்தேன்.

இருக்கைக் கொக்கி விழும் சத்தம் காதில் கேட்க வேண்டும்
என்பான் ஓத்தகர், ஒவ்வொரு முறையும்.
காதில் ஹெட்செட் இருந்தது.
கேட்டதாக நினைத்தேன்.

முழு விசை. புல் கோடுகளாயிற்று.
சக்கரங்களின் தடதடப்பு நின்றது.
நின்றதும் வருமே ஓர் அமைதி,
அதற்காகத்தான் இருபது வருடச் சம்பளத்தை
இந்தத் தகரக் கொட்டகையில் கொட்டியிருக்கிறேன்.
இம்முறை அது பாதிதான் வந்தது.
இருக்கை பின்னால் வழுக்கியது.

கால்கள் மிதிகளை விட்டன.
விசைப்பிடி எட்டவில்லை.
விழுகிறவன் கையில் இருப்பதைப் பிடிப்பான்,
என் கையில் இருந்தது கோல்.
விழாமலிருக்க அதை இறுக்கினேன்.
இறுக்க இறுக்க மூக்கு நிமிர்ந்தது.
கண்ணாடி முழுக்க வானம்.
விட்டுவிடு, விட்டால் போதும் என்று
தலைக்குத் தெரிந்திருந்தது.
கைக்கு யார் போய்ச் சொல்வது?

இடது இறக்கை சாய்ந்தது,
பேருந்தில் தூங்கிப்போனவன் பக்கத்தாள்மீது சாய்வதுபோல,
அவ்வளவு மெதுவாக.
பிறகு எதுவும் மெதுவாக இல்லை.
சூரியகாந்தி. அறுப்புக்கு நின்ற கறுத்த தலைகள்.
பெல்ட் கூடையை மட்டும் பிடித்துக்கொண்டது.
பழங்கள் பறந்தன.

ஓத்தகர் வயலுக்குள் ஓடிவந்து
என் சட்டையைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.
"பழம்" என்றேன்.
பிழைத்த பின் நான் பேசிய முதல் சொல் அது.

கோடுகள் தீர்ந்தன. ஓரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஏழாம் கேள்வி:
இருக்கையைக் கடைசியாக நகர்த்தியவர் யார்?

வெள்ளி மாலை கொட்டகையில் வெண்டுலா ஏறி உட்கார்ந்தாள்.
பதினான்கு வயது, மிதி எட்டவில்லை,
இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள்.
எஞ்சினை உதட்டாலேயே முடுக்கி
ஆல்ப்ஸ்வரை போய்த் திரும்பினாள்.
கதவோரம் நின்று பார்த்தேன், கூப்பிடவில்லை.

காலையில் பின்னால் தள்ளியது நான்.
ஆக, "நான்" என்று எழுதினால் பொய்யாகாது.
எழுதினேன்.

மருத்துவமனையில் கேட்டாள்:
"அப்பா, நான் இழுத்து வைத்ததாலா?"
"காற்று" என்றேன். "திடீர்க் காற்று."
தலையாட்டினாள்.
எதையும் இரண்டு முறை படிக்கிற பெண்.
இந்தப் படிவத்தின் நகல் வீட்டுக்கு வரும்.
மேலே, என் கையெழுத்தில்,
நான்கு நாட்.

அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதலாமா?
பேனாவைப் பிடித்தபடி இருக்கிறேன்.
கீழே சமையலறையில் அவள் நாற்காலியை இழுக்கிறாள்.
தரையில் அது உரசுவது
இங்கே வரை கேட்கிறது, தெளிவாக.