எட்டாம் பொருள்

வத்தலக்குண்டு சேகரக் கமிட்டி,
நாற்பத்தாறு, ஐப்பசி, வியாழக்கிழமை.
ஆஜர்: ஐயர், மூப்பர் பத்துப் பேர்,
ஓட்டில்லாத காரியதரிசி நான்.
ரேஷன் மண்ணெண்ணெயில் ஒரே ஒரு விளக்கு,
அதுவும் என் நோட்டுக்குப் பக்கத்தில்.
முகங்கள் இருட்டில்.
கைகள் மட்டும் வெளிச்சத்துக்கு வந்து போயின.

ஏழாம் பொருள்: சபை ஐக்கியம்.
இங்கிலீஷ் சபை, ஸ்காட்லாந்து சபை, அமெரிக்கன் மிஷன்
கப்பலில் கொண்டுவந்த பிணக்குகளை
இறக்கிவைப்பது பற்றி.

தபால் ஆபீஸ் அருமைநாயகம் எழுந்தார்.
"அத்தியட்சர் என்று ஒருவர் வந்து
தலையில் கைவைத்தால்தான் போதகர் என்றால்,
நாம் தூக்குகிற இந்தக் கைக்கு என்ன வேலை?
ஐயருக்கு ஒரு சொல் என்றால் மூப்பனுக்கும் ஒரு சொல்.
அதற்காகத்தான் நம் பெரியவர்கள்..."
"எந்தப் பெரியவர்கள்?" என்றார் ஞானாதிக்கம்.
"என் பாட்டன் கருப்பனுக்குக் கிடா வெட்டினவர்.
ஸ்காட்லாந்தில் எவனோ ராஜாவோடு மல்லுக்கட்டினதற்கு
நான் ஏன் இன்னும் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டும்?"
சிரித்தார்கள்.
ஓட்டின் மேல் மழை,
அதையும் யாரோ எண்ணுவதுபோல.

அத்தியட்சரும் மன்றத்துக்குக் கணக்குச் சொல்வார்,
மூப்பர் இருப்பார்கள், கூட்டம் இருக்கும்,
என்றார் ஐயர்.
ஒன்பது கை.
அருமைநாயகத்தின் கை கடைசியாக, முழங்கை உயரத்துக்கு.
பத்தாவது தூங்கிக்கொண்டிருந்தது.
'ஏகமனதாக' என்று எழுதினேன்.

எட்டாம் பொருள்: திருவிருந்துக்குக்
கண்ணாடிக் குவளைகள் வாங்குவது.
ஆளுக்கொன்று, கட்டைவிரல் அளவில், பத்து டஜன்.
"சுகாதாரம்" என்றார் எண்ணெய் மண்டி மாசிலாமணி.
"டாக்டரம்மாவே சொல்கிறார்."
நாற்பது வருஷமாக ஒரே வெள்ளிக் கிண்ணம்.
அதனால் யாருக்கும் காய்ச்சல் வந்ததாக
நோட்டில் இல்லை.
போன ஆனியில்
மஞ்சளாற்றுக்கு அந்தப்புறச் சேரியிலிருந்து
பதினொரு குடும்பம் ஞானஸ்நானம் பெற்றது,
பின்னால் பாயில் உட்கார்ந்தது.
அது இருக்கிறது, எட்டுப் பக்கம் முன்னால்.
யாரும் புரட்டச் சொல்லவில்லை.

ஐந்து கை. எதிர்த்து ஐந்து.
தூங்கினவரும் இதற்கு விழித்திருந்தார்.
தீர்க்கும் ஓட்டு ஐயருடையது.
அவர் விளக்கின் திரியைக் குறைத்தார்,
பிறகு ஏற்றினார்.
"ஒத்திவைப்போம்" என்றார்.
ஒத்திவைத்தோம்,
கூட்டத்துக்குக் கூட்டம், பதினொரு மாதம்.

புரட்டாசியில் சென்னையில் ஐக்கியம் நடந்தேறியது.
இங்கே மணி அடித்தோம்.
மறுநாள் ஞாயிறு, திருவிருந்து.
ஐயர் கிண்ணத்தை எடுத்தார்.
முன் பெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தது.
அவர் அதைக் கடந்தார்,
அருமைநாயகத்தின் தூணைக் கடந்தார்,
கடைசிப் பாயில் போய்க் குனிந்தார்.
முன்மொழிவு இல்லை, வழிமொழிவு இல்லை,
கை தூக்கச் சொல்லவுமில்லை.
முதலில் குடித்தவள் செங்கல்சூளை எஸ்தர்.

அப்புறம் அது எங்களை நோக்கி வந்தது,
வாயிலிருந்து வாய்க்கு.
அத்தியட்சர் வேண்டாமென்ற அருமைநாயகம்
இரண்டு கையாலும் வாங்கினார்.
மாசிலாமணி குடித்தாரா என்று
இன்றைக்கும் என்னைத்தான் கேட்கிறார்கள்.
நான் பார்க்கவில்லை.
அவருக்கு முந்தைய ஆள் நான்.

ஐந்துக்கு ஐந்து விழுந்த ராத்திரி
எனக்கு ஓட்டு இருந்திருந்தால்
குவளை வேண்டாமென்றுதான் தூக்கியிருப்பேன் என்று
சந்தையில் வெற்றிலைக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.
கிண்ணம் என் கைக்கு வந்தது.
விளிம்பில் ஈரம்.
கைக்குட்டையை எடுத்துத் துடைத்தேன்.

துடைத்த பிறகுதான்
துடைத்தது தெரிந்தது.
ஐயர் ஒன்றும் சொல்லவில்லை.
கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார்.

அன்றைய பதிவு:
வந்தவர்கள் நூற்று மூன்று பேர்.
காணிக்கை பதினொரு ரூபாய் நாலணா.
எட்டாம் பொருள்
நிலுவையில்.