கட்டைவிரல்

அவர்கள் முகம் எனக்குத் தெரியாது.
கட்டைவிரல்தான் தெரியும்.

பக்கத்தைப் படமெடுத்து அனுப்பும்போது
புத்தகம் மூடிக்கொள்ளாமல்
ஓரத்தில் ஒரு விரல் அழுத்திப் பிடிக்குமே,
அது.

நகத்துக்கடியில் கிரீஸ் இருந்தால் இருதயராஜ்.
காசிமேட்டில் படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு
உதிரிபாகம் வரும்வரை படிக்கிறவர்.
எழுத்துப்பிழை கண்டால் பென்சிலால் வட்டம் போடுவார்.
நூலகப் புத்தகத்தில் போடலாமா என்று
ஒரு வாரம் சண்டை நடந்தது எங்களுக்குள்.
ஏழாம் நாள் ரப்பரோடு ஒரு படம் அனுப்பினார்.
அழிக்கவில்லை. பக்கத்தில் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

மருதாணி வெளுத்து
நகநுனியில் பிறையாக நின்றால் மெகருன்னிசா.
ஐஸ்ஹவுஸில் பிளவுஸ் தைக்கிறாள்.
எந்த நாவலிலும் கடைசி அத்தியாயம்தான் அவளுக்கு முதல்.
"யாரு சாவுறாங்கன்னு தெரிஞ்சாத்தான்
நிம்மதியா படிக்க முடியும்."

வழவழவென்று இருந்தால் கோதண்டம்.
முப்பத்தோரு வருஷம் வங்கியில் நோட்டு எண்ணி
ரேகை தேய்ந்த விரல்.
வில்லிவாக்கம் ரேஷன் கடை மெஷின்
நான்கு முறை வைத்தாலும் அவரை நம்பாது.
எங்களுக்கு ஒருமுறை போதும்.

பிளாஸ்திரி சுற்றியிருந்தால் நான்.
பாரிமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை,
லென்ஸ் அறுக்கிற வேலை.
பட்டாபிராமிலிருந்து தினமும் மின்சார ரயில்;
கூட்டத்தில் ஒரு கை கம்பிக்கு, ஒரு கை கதைக்கு.
"கண்ணு கெட்டுடும்" என்பார்கள் வீட்டில்.
கெடட்டுமே,
ஊழியர் தள்ளுபடி இருக்கிறது.

நால்வரும் ஒரே நாவலை
ஆளுக்கொரு வேகத்தில் படித்துக்கொண்டிருந்த டிசம்பரில்
புயல் வந்து போனது.
வில்லிவாக்கத்தில் முழங்கால் தண்ணீர்.
ஐஸ்ஹவுஸில் கரண்ட் இல்லை.
காசிமேட்டிலிருந்து ஒன்றுமே இல்லை.

போன் அடித்தது, யாரும் எடுக்கவில்லை.
அப்புறம் அடிக்கவும் இல்லை.
அவர் எந்தத் தெரு என்று
மூன்று பேருக்கும் தெரியாது.
எந்த வரியில் அழுவார் என்று தெரியும்.
அதை வைத்துக்கொண்டு
யாரிடம் போய் வழி கேட்பது?

பத்தொன்பதாம் நாள் ராத்திரி ஒரு படம்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், தலைகீழாக.
ஓரத்தில் சின்ன விரல்,
பேனா மை, கடித்த நகம்.
"அப்பா ஸ்டான்லில இருக்காங்க.
வலது கை இன்ஜின்ல மாட்டிக்கிச்சு.
இதுக்கு மேல என்ன ஆவுதுன்னு
கேக்கச் சொன்னாங்க."

முடிவு கேட்கிற ஆளே இல்லை அவர்.
யாராவது வாய் தவறிச் சொன்னால்
இரண்டு நாள் பேசமாட்டார்.

தட்டச்சு செய்கிறாள், அழிக்கிறாள்,
தட்டச்சு செய்கிறாள் மெகருன்னிசா.
பிறகு வந்தது:
"தெரியலையேண்ணா. நான் இன்னும் அங்க வரல."

நான் லென்ஸைத் துடைப்பதுபோல
போனைத் துடைத்தேன்.

மறுநாள் நாலு மணி, பார்வையாளர் நேரம்.
ஆஸ்பத்திரி வாசலில்
இளநீர் வண்டிக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே
ஒரு பெரியவர் பிளாஸ்கோடு நின்றிருந்தார்.
என்னைவிட உயரமாக ஒரு பெண்,
குள்ளமாக இருப்பாள் என்று ஏனோ நினைத்திருந்தேன்.
யாரும் யாரையும் பெயர் கேட்கவில்லை.
பார்வை கீழே இறங்கியது,
பிளாஸ்கின் பிடிக்கு,
பர்தாவின் நுனிக்கு,
என் பிளாஸ்திரிக்கு.
"வாங்க வசந்தா" என்றார் கோதண்டம்.

கட்டில் நாற்பத்தேழு.
மணிக்கட்டுவரை வெள்ளைத் துணிப் பொட்டலம்.
உள்ளே எத்தனை விரல் என்று
கேட்கக் கூடாது என்றுதான் படியேறும்போது பேசிக்கொண்டோம்.
ஆனாலும் மூன்று பேர் கண்ணும்
அங்கேதான் போய் நின்றது.

"ரெண்டு போச்சு" என்றார்.
"நீங்க பாக்குற விரல் இருக்கு."

மெகருன்னிசா திரும்பி
ஜன்னல் கம்பியை எண்ணினாள்.
பிளாஸ்க் மூடி கோதண்டத்துக்குத் திறக்கவில்லை.
பையன் வாங்கித் திறந்தான்.

இருதயராஜ் மோவாயால் எதிர்ச்சுவரைக் காட்டினார்.
'பார்வையளர்கள் அமைதி காக்கவும்.'
காலை விழுங்கிவிட்டார்கள்.
பத்தொன்பது நாளாக அதைப் பார்த்தபடியே
படுத்திருக்கிறார் மனிதர்.

இடது கையை என் பக்கம் நீட்டினார்,
"பென்சில் இருக்கா?"