கொட்டை எடுத்த பஞ்சு

ஐந்து ரோட்டில், மாடிப்படிக்கு அடியில்
என் ஃபிளெக்ஸ் கடை.
ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்டூல், அரை ஜன்னல்.
செத்தவரையும் சமைந்தவளையும்
ஒரே நீல வானத்தின் முன்னால்
நிறுத்தி வைப்பது தொழில்.

போன தையில் தவக்கொடி வந்தாள்.
கோரிமேட்டில் மெத்தைக் கடை போடுகிறாளாம்.
முழங்கை வரைக்கும் இலவம்பஞ்சு.
"பேரு இங்கிலீஷ்ல இருக்கணும்.
அர்த்தம் எப்படியோ போகட்டும்,
காதுக்கு மெத்துனு இருந்தாப் போதும்."

சொல்லிச் சொல்லிப் பார்த்தோம்.
பில்லோ: கன்னத்துக்குள் காற்று சேர்ந்து
உதட்டில் வட்டமாகிக் கரைந்தது.
"நல்லாத்தான் இருக்கு. ஆனா பில்லுனு ஆரம்பிக்குதே,
கடன்காரன் கூப்பிடற மாதிரி."
வெல்வெட் கீழுதட்டில் ஒருமுறை உரசிவிட்டுப் போனது.
பபிள், சொல்லி முடிப்பதற்குள் உடைந்தது.
குஷன்? தும்மல் என்றாள்.
மார்ஷ்மெல்லோவை மட்டும்
இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டாள்.
தின்கிற சாமான் என்று சொன்னதும்
எறும்பு வரும் என்று விட்டுவிட்டாள்.

தட்டுவடை செட் வந்தது.
நறுக்மொறுக்கென்று தமிழில் மென்றுகொண்டே
ஆங்கிலத்தில் தேடினோம்.

ஃப்ளஃபி எங்கிருந்து வந்ததென்று தெரியாது.
ஏதாவது சோப்புத்தூள் விளம்பரமாக இருக்கும்.
நான் சொன்னதும் தவக்கொடி
முழங்கைப் பஞ்சை ஊதினாள்.
ஊதிய சத்தமும் அதே சொல்தான்.

திரையில் அடித்துக் காட்டினேன்.
இரண்டு ஆய்தம், ஆறு புள்ளி.
இலவங்கொட்டை என்றாள், விரலால் தொட்டு.
ஊருக்குள் இரும்பாலை இருந்தும்
எஃகு என்று யார் சொல்கிறார்கள்?
பள்ளிக்கூடத்தோடு வேலை போன எழுத்து,
பஞ்சு சுமக்க வந்துவிட்டது.

அச்சாகி வந்தபோது
ஆய்தங்களை எழுத்துரு விழுங்கியிருந்தது.
ப்ளபி மெத்தை மார்ட்.
பத்தடிக்கு நாலடி.
காசு வேண்டாம், வேறு போட்டுத் தருகிறேன் என்றேன்.
அவள் வாயில் போட்டுப் பார்த்தாள். ப்ளபி.
"கொட்டை எடுத்த பஞ்சு" என்றாள்.
மாட்டிவிட்டாள்.

ஏற்காட்டு பஸ் கண்டக்டர் அதையும் விடவில்லை.
பிளாப்பு, பிளாப்பு, எறங்கு என்கிறார்.
இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுகிற வண்டி,
எந்தச் சொல்லையும் ஓர் உகரத்தில்
உட்கார வைக்காமல் கிளம்புவதில்லை.

பங்குனியில் எனக்கு மூச்சு வாங்கியது.
அஸ்தம்பட்டி டாக்டர்
குளிர்ந்த வட்டத்தை நெஞ்சில் வைத்து
ரொம்ப நேரம் கேட்டார்.
மர்மர் இருக்கு என்றார்.

என்ன அழகான சொல்.
சலசல, முணுமுணு வீட்டுப் பிள்ளை மாதிரி.
இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது,
படித்திருக்கிறேன்.
இருந்தும் வரும் வழியில் பிரித்துப் பார்த்தேன்.
மர்.
மழையில் ஊறிய கதவு.

பயப்பட ஒன்றுமில்லையாம்,
எக்கோ எடுத்துப் பார்க்கலாமாம்.
எக்கோ! அதுவும் அழகு.
யார் இவர்கள்,
எந்த ஃபிளெக்ஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்து
இப்படியெல்லாம் பெயர் வைத்தார்கள்?

ராத்திரி தவக்கொடியின் தலையணையில் படுத்தேன்.
பலகைக் கூலிக்குப் பதிலாகத் தந்தது.
காதை அழுத்தினால்
உள்ளே யாரோ பஞ்சு அடிக்கிறார்கள்,
நாலு அடி சரியாக,
ஓர் அடி கை நழுவி.

எக்கோ வியாழக்கிழமை.
இரண்டாயிரத்துச் சொச்சம்.
பில்லோ என்றால் இப்போது எனக்கும்
முன்பாதிதான் கேட்கிறது.