தண்ணி கலந்த கணக்கு

பத்தொன்பது வருசமாக
நத்தக்காடையூர்ப் பால் சொசைட்டியில்
தண்ணி பிடிக்கிற உத்தியோகம் எனக்கு.
விடியுமுன் கண்ணாடிக் குழலில் பாலை ஊற்றி
லாக்டோமீட்டரை விட்டால்
முங்கி, எழுந்து, தலையை ஆட்டி
ஒரு எண்ணில் நிற்கும்.
இருபத்தெட்டென்றால் வாங்குவேன்.
இருபத்து நாலென்றால் கேனைத் திருப்பி வைப்பேன்.
முகத்தைப் பார்க்கமாட்டேன்.
முகம் பார்த்தால் எண் கலங்கும்.

தண்ணி தெரியாமலிருக்க
மாவு கரைத்து ஊற்றுகிறவர்களும் உண்டு.
அவர்களுக்கென்று அயோடின் புட்டி.
காய்ச்சி ஆறவைத்து இரண்டு சொட்டு விட்டால்
பால் நீலமாகும்.
நாச்சாத்தா பால் ஒருமுறை அப்படி நீலமானது,
அவள் மகன் காலேஜில் சேர்ந்த வருசம்.
வரிசையில் பதினேழு பேர் பார்த்தார்கள்.

என் கால் நின்றது வைகாசியில்.
சொசைட்டியிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குப்
பதினோரு கரண்ட் கம்பம்.
நாலாவதில் கெண்டைக்காலை
யாரோ ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கினார்கள்.
நின்றேன். விட்டுவிட்டார்கள்.
நடந்தேன். எட்டாவதில் மறுபடி.
கம்பத்தில் ஒட்டிய நோட்டீஸ் படிப்பதாக
வருகிறவர் போகிறவருக்குக் காட்டிக்கொண்டேன்.
ஒரே நோட்டீஸை ஆவணி வரைக்கும் படித்தேன்.

ஈரோட்டில், பெருந்துறை ரோட்டில்,
டாக்டர் காந்திமதி என் பாதத்தில் நாடி தேடினார்,
கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டி தேடுகிற மாதிரி.
இடதில் கிடைத்தது. வலதில் இல்லை.
"பீடி எத்தனை வருசமா?"
முப்பது.
"ஒரு நாளைக்கு?"
கூரையைப் பார்த்தேன்.
"குழாய் அடைச்சிருக்கு. ஆபரேசனுக்கு உங்க நெஞ்சு தாங்காது.
ரத்தமும் கெட்டி, ஐம்பத்தாறு இருக்கு.
கொஞ்சம் எடுத்துட்டு அந்த அளவுக்குத் தண்ணியா ஏத்தலாம்.
இளகினா சந்துல நுழையும்.
சிலருக்குக் கேட்குது. சிலருக்குக் கேட்கறதில்ல."

ஐம்பத்தாறு.
என் மேசைக்கு யாரும் கொண்டுவராத தரம்.
சொட்டுத் தண்ணி கலக்காத சரக்கு,
அதுதான் வியாதியாம்.

ஒரு கையில் எடுத்தார்கள், கால் லிட்டருக்குக் கூடவே.
மறு கையில் தெளிந்த எதுவோ இறங்கியது.
வெறும் தண்ணியா, நர்சைக் கேட்டேன்.
"வெறும் தண்ணி உள்ள நிக்காதுங்.
ஸ்டார்ச் கலந்தது."
அப்படியென்றால்?
"மாவுதானுங். கஞ்சி மாதிரி வெச்சுக்கங்களேன்."

கட்டிலில் கிடந்து சிரித்தேன்.
ஊசி நழுவுமென்று அதட்டினாள்.
இரண்டு சொட்டு விட்டால் போதும்,
நானும் நீலமாவேன்.

வாரம் ஒன்றாக ஆறு வாரம்.
ஐம்பத்தாறு நாற்பத்திரண்டானது.
நடந்து பார்த்தேன்.
நாலாவது கம்பம் சும்மா போனது.
ஐந்து. ஆறு. ஏழாவதில் பிடித்தது.
மூன்று கம்பம்.
ஆறு வாரத்துக்கும் பஸ் சார்ஜுக்கும் அவ்வளவுதான் வரவு.
இது நிற்குமா, மறுபடி கெட்டியாகுமா என்றதற்கு
தினமும் நடங்க, பீடியை விடுங்க என்கிறார் டாக்டர்.
பீடியை விட்டாயிற்று.
விரல்கள்தான் இன்னும் விடவில்லை,
சட்டைப்பைக்குப் போய்த் திரும்பி வருகின்றன.

ஏழாவது கம்பத்தடியில் நிற்கையில்
காலிக் கேனோடு எதிரே நாச்சாத்தா.
"ஏனுங், உங்குளுக்குத் தண்ணி ஏத்துனாங்களாமா?"
யார் சொன்னதென்று கேட்கவில்லை.
ஆமாம் என்றேன்.
"எத்தனைல நின்னுது?"
நாற்பத்திரண்டு.
கொஞ்சம் யோசித்தாள். சிரிக்கவில்லை.
"பரவால்லீங், வாங்கிக்கலாம்."
கேன் மூடி கடகடக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அவள் பால் இருபத்தைந்து.
எண்ணை எழுதினேன்.
பிறகு, பழக்கமில்லாத வேலை,
முகத்தைப் பார்த்தேன்.
கேன் எங்களுக்கு நடுவில் மேசைமேல் இருந்தது.
பின்னால் வரிசை இருமியது.